பீடி சுற்றும் ஊரில் புகையிலையைப் பற்றிப் பேசியது

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாள். உறுதிமொழி, ஊர்வலம், பதாகை எல்லாம் வழக்கமாகப் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். சென்ற ஆண்டு பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தனித்தனியே பேச ஒரு பாடவேளை கேட்டு வாங்கினேன். வாய்ப்புற்றுநோய்ப் படங்களைச் சார்ட்டில் ஒட்டி, 'புகையிலைத் தொழில் உயிர்க்கொல்லித் தொழில்' என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டு போனேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். "எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார்கள் டீச்சர். அது பாவமா?"

குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் எத்தனை திண்ணைகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எழுதியிருந்தேன். பதில் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று இரவு சார்ட்டைக் கிழித்தேன்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா இலையை வெட்டி, தூளை நிரப்பி, சுற்றி, நூல் கட்டிக்கொண்டே பேசினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி; பேச்சுக்காகக் கை நிற்காது. "என் இருமல் எனக்குத் தெரியும் டீச்சர். இவள் இந்த முறத்தைத் தொடக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். அதை வகுப்பில் சொல்லுங்கள்." நான் சொல்லவில்லை. அவரையே வரச்சொன்னேன். அடுத்த வாரம் வந்து, தூளின் நெடியில் தலை சுற்றுவதையும் விரல் நுனிகள் கறுத்துப்போனதையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். என் படங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள் அவர் கையை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு கடை. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சுமார் 91 மீட்டர். எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் டேப் பிடித்து அளந்தோம். பெட்டிக்கடை 64 மீட்டரில் இருந்தது. தலைமையாசிரியரும் நானும் போய்ப் பேசினோம். 200 ரூபாய் அபராதம் என்றபோது கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்றதும் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். ஆனால் அவர் திருப்பிக் கேட்டது இன்றும் என் மனதில் நிற்கிறது: "பிள்ளைகள் தங்களுக்கா வாங்குகிறார்கள்? அப்பா அனுப்பித்தானே வருகிறார்கள்?"

உண்மைதான். 'அப்பாவுக்கு ஒரு கட்டு' என்று காசை நீட்டும் எட்டு வயதுக் கை, பன்னிரண்டு வயதில் ஒன்றை உருவிப் பார்க்கிறது. கடையில் பீடியை நிறுத்தவே மனுவும் இரண்டு மாத அலைச்சலும் ஆயின. அதைவிடப் பெரிய வேலை வீடுகளில் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். நீங்கள் புகைப்பதை இன்று நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்துங்கள் என்று. ஓர் அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். பீடி சுற்றும் அந்த அம்மாதான் முதலில் கை தூக்கினார்.

வகுப்பிலும் என் முறையை மாற்றவேண்டியிருந்தது. பயமுறுத்தும் ஒருநாள் சொற்பொழிவால் பயன் குறைவு, பழகிப் பார்க்கும் திறன்தான் நிற்கும் என்று ஐ.நா.வின் தடுப்பு வழிகாட்டியும் சொல்கிறது. வாரம் ஒரு பாடவேளை நடித்துப் பார்த்தோம். கவுண்டின்ய ஆற்று மணலில் விளையாடும்போது பெரிய பையன் ஒருவன், உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பையை நீட்டுகிறான், என்ன சொல்வாய்? 'உடலுக்குக் கேடு அண்ணா' என்ற பதிலை நான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் கிண்டல்தான் கிடைக்கும் என்று பையன்களே சொன்னார்கள். 'டியூஷனுக்கு நேரமாகிவிட்டது', 'மாமா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்' என்று அவர்கள் கண்டுபிடித்தவைதான் வாயில் சுலபமாக வந்தன. அவற்றையே பத்துப் பத்துத் தடவை சொல்லவைத்தேன்.

பெயர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பெட்டியும் வைத்தோம். கேள்வி வரும் என்று நினைத்தேன், வீடு வந்தது. குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, கஞ்சா வழக்கில் போன அண்ணன். குழந்தைகள் உதவி எண் 1098, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்தேன். யார் கையெழுத்து என்று நான் அடையாளம் கண்டுகொண்ட பிள்ளைகள் இருவரிடம் தனியாகப் பேசினேன். அந்த இரண்டு வீடுகளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு சீட்டு: 'அப்பா இப்போது தானே போய் வாங்குகிறார். தாத்தாதான் இன்னும் என்னை அனுப்புகிறார்.' சனிக்கிழமை தாத்தாவைப் பார்க்கப் போகிறேன்.