ஸ்கோப்ஸ் வழக்கு மனப்பாடம், ஆனா மார்க் வரல: எங்க கோட்டை விட்டேன்னு சொல்றேன்

எம்.ஏ ஹிஸ்டரில அமெரிக்க வரலாறு பேப்பர் எழுதப் போறவங்களுக்காக இது. நான் முதல் தடவை எழுதினப்போ 1920கள்ல மத அடிப்படைவாதமும் (பைபிள் வார்த்தைக்கு வார்த்தை உண்மைங்கற பிடிவாதம்) இனப்பிரச்சினையும்னு ஒரு பெரிய கேள்வி வந்துச்சு, பாத்ததும் ஒரே குஷி. 1925 ஜூலை, டென்னசில டேட்டன்ங்கற சின்ன ஊரு, பரிணாமக் கொள்கை நடத்தக் கூடாதுங்கற மாநில சட்டத்தை மீறி பாடம் நடத்துன கேஸ்ல மாட்டுன வாத்தியார் ஜான் ஸ்கோப்ஸ், அவருக்காக வாதாடுன வக்கீல் டாரோ, எதிர்ப்பக்கம் பைபிளுக்காக நின்ன அரசியல்வாதி பிரையன், 100 டாலர் அபராதம்னு நாலு பக்கம் தட்டிவிட்டு, அடிப்படைவாதி எல்லாம் இனவெறியன், அறிவியல் பக்கம் நின்னவன் எல்லாம் உத்தமன்னு முடிச்சிட்டு வந்தேன். மார்க் பல்லிளிச்சுது.

அப்புறம்தான் ஒரு சீனியர் அண்ணன், "தம்பி, அந்த வாத்தியார் கையில இருந்த புக்குல என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?"ன்னு கேட்டாரு. ஹன்டர் எழுதின சிவிக் பயாலஜி, 1914ல வந்தது. அதுல மனுஷங்களை அஞ்சு இனமா பிரிச்சு வெள்ளைக்காரங்களை உச்சத்துல வச்சிருக்காரு, போதாததுக்கு நல்ல பரம்பரையை மட்டும் பெருக்கணும்ங்கற யூஜெனிக்ஸ் வேற. அறிவியல்னு எல்லாரும் கொண்டாடுன பாடத்துக்குள்ளயே இனவெறி உக்காந்திருக்கு! அதுக்காக பிரையனை மகான் ஆக்கிடாதீங்க, 1924 ஜனநாயகக் கட்சி மாநாட்டுல வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானைப் பேர் சொல்லி கண்டிக்கக் கூடாதுன்னு மேடை ஏறிப் பேசினவரு அவரு.

க்ளானைப் பத்தி நிறைய நோட்ஸ் கிடைக்கும், ரெண்டு விஷயம் போதும். 1915ல ஜார்ஜியாவுல ஸ்டோன் மவுண்டன் மேல அதை மறுபடி ஆரம்பிச்ச சிம்மன்ஸ் ஒரு முன்னாள் மெத்தடிஸ்ட் பிரசங்கியார். டேட்டன் வழக்கு முடிஞ்ச அடுத்த மாசமே ஆயிரக்கணக்கான க்ளான்காரங்க வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு வாஷிங்டன்ல ஊர்வலம் போனாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சீமோர்ங்கற பிரசங்கியார் கதைதான். கறுப்பர்ங்கறதால ஹூஸ்டன்ல பார்ஹாம்ங்கற வெள்ளைக்காரப் பிரசங்கியாரோட பைபிள் வகுப்புக்குள்ள வெள்ளைக்காரங்களோட உக்கார விடல, கதவைத் திறந்து வச்சு வெளிய நடைபாதைல உக்காந்துதான் கேட்டிருக்காரு. அதே மனுஷன் 1906ல லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவுல நடத்துன ஜெபக்கூட்டத்துல கறுப்பர், வெள்ளையர், மெக்சிகன் எல்லாரும் ஒண்ணா முழங்கால் போட்டாங்க. ஆனா இது பெந்தெகொஸ்தே, அடிப்படைவாதின்னு எழுதி மாட்டிக்காதீங்க, அவங்களுக்கும் இவங்களுக்கும் ஆகவே ஆகாது. ஃபண்டமெண்டலிஸ்ட்ங்கற பேரே 1920ல ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் வச்சதுதான்.

படிக்கும்போது ஒரே தாள்ல ரெண்டு கட்டம் போட்டு, ஒண்ணுல மதம் ஒண்ணுல இனம்னு வருஷத்தோட எழுதினேன், 1924, 1925 ரெண்டுலயும் கட்டம் தாண்டி கோடு கோடா இழுக்க வேண்டி வந்துச்சு, ரெண்டாவது தடவை அந்தக் கோடுகளைத்தான் பதிலா எழுதினேன், பாஸ்.

இன்னொண்ணு, 50 டாலருக்கு மேல அபராதம்னா ஜூரிதான் போடணும், ஜட்ஜே போட்டுட்டாருன்னு 1927ல மேல்கோர்ட்டு ஸ்கோப்ஸ் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு, ஆனா பரிணாமம் நடத்தக் கூடாதுங்கற அந்த சட்டத்தை எடுத்தது 1967ல. ரெண்டையும் மாத்தி எழுதிட்டு வெளிய வந்து தலைல அடிச்சுக்கிட்டது நான் இல்ல, பக்கத்து பெஞ்சு.