சி டிரைவ் நிரம்பினால்: எதை நகர்த்துவது, எதை அழிப்பது

விண்டோஸ் கணினியில் இயங்குதளம் இருக்கும் சி டிரைவின் பட்டை, இடம் தீர்ந்து சிவப்பாக மாறியதும் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்குவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில், இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். முதலில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளக்க வேண்டும்; அடுத்து, இழக்கக் கூடாதவற்றுக்கு வேறோர் இடத்தில் பிரதி எடுக்க வேண்டும்; அழிப்பது அதற்குப் பிறகுதான்.

இடம் ஏன் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரும்பாலான கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் வட்டு), பழைய ஹார்ட் டிஸ்கைப் போல இருந்த இடத்திலேயே மேலெழுத முடியாதது. ஒரு தொகுதியை முழுவதும் துடைத்த பிறகே அதில் மறுபடி எழுத முடியும் என்பதால், செல்லுபடியாகும் தரவுகளை வேறு தொகுதிக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் துடைக்கும் வேலையை அது உள்ளுக்குள் செய்துகொண்டே இருக்கிறது. வட்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டால் இந்த வேலைக்கு இடம் போதாமல் எழுதும் வேகம் குறைகிறது. பத்து முதல் இருபது சதவீதம் வரை காலியாக வைத்திருப்பது நல்லது. விண்டோஸ் அப்டேட் இறங்கி நிறுவிக்கொள்வதற்கும் இதே காலியிடம்தான் தேவைப்படுகிறது.

அளக்கும்போது பலருக்கு ஒரு சந்தேகம் எழும். 256 ஜிபி என்று வாங்கிய வட்டு விண்டோஸில் 238 ஜிபி என்றே தெரியும். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. எதுவும் காணாமல் போய்விடவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் நிரல்கள், தற்காலிகக் கோப்புகள், படங்கள் ஆகியவை தனித்தனியே எவ்வளவு இடம் எடுத்திருக்கின்றன என்பது தெரியும். இதைவிடத் தெளிவாகப் பார்க்க விஸ்ட்ரீ அல்லது விண்டிர்ஸ்டாட் நிரலை நிறுவிக்கொள்ளலாம். விஸ்ட்ரீ ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்க்காமல் வட்டின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால், சில நொடிகளிலேயே பெரியதிலிருந்து சிறியதாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிடும்.

நீடாமங்கலத்தில் சித்தப்பா வீட்டுக் கணினியை அண்மையில் இப்படித் திறந்து பார்த்தோம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது என்று பிடிஎஃப் கோப்புகள் வரிசையாக நின்றன. ஒரே அடங்கல் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப இறங்கியிருந்தது. நான் சுட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோனதுமே, “அதைத் தொடாதப்பா, நாளைக்குக் காப்பீட்டுக்குக் கேட்டா நான் எங்க போறது?” என்றார் சித்தப்பா. அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த பிடிஎஃப்கள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு ஜிபிகூட வரவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை வேறு: கும்பகோணத்தில் நடந்த கல்யாணத்தின் வீடியோ டெஸ்க்டாப்பில் ஒன்று, டாகுமென்ட்ஸில் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று என மூன்று இடங்களில் இருந்தது. அதோடு, போன் நிரம்பும்போதெல்லாம் முழுப் போனையும் அப்படியே நகலெடுத்து ‘போன் பேக்கப்’, ‘போன் பேக்கப் புதுசு’ என்ற பெயர்களில் போட்டு வைத்திருந்தார்கள். பிந்தைய நகலுக்குள் முந்தைய நகலில் இருந்த அத்தனை படங்களும் மறுபடியும் இருந்தன.

வீடியோதான் எப்போதும் பெரிய பங்கை எடுக்கிறது. போனில் எடுக்கும் 4கே வீடியோ, கருவியையும் சுருக்கும் முறையையும் பொறுத்து, நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்பி வரை போகும். ஆகவே நூற்றுக்கணக்கான சிறிய கோப்புகளை உட்கார்ந்து அழிப்பதைவிட, இரட்டிப்பாக இருக்கும் நான்கைந்து பெரிய வீடியோக்களைக் கண்டுபிடிப்பது பயன் தரும். டூப்குரு போன்ற நிரல்கள் பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு நகல்களைக் காட்டும். காட்டியதும் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நீக்கிவிடாமல், எந்தக் கோப்புறையில் உள்ள பிரதியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகே நீக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பு சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. டி டிரைவ் பாதிக்கு மேல் காலியாகவும், சி டிரைவ் மூச்சு முட்டியும் இருக்கும் கணினிகளை நம் பக்கத்தில் நிறையவே பார்க்கிறேன். டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகளில் வலச்சொடுக்கி ப்ராபர்டீஸ் சென்றால் லொகேஷன் என்ற பகுதி இருக்கும். அங்கே டி டிரைவில் ஒரு புதிய கோப்புறையைக் காட்டிவிட்டால், இருப்பவையும் இனி வருபவையும் அங்கேயே போய்ச் சேரும். ஆனால் சியும் டியும் ஒரே வட்டின் இரு பகுதிகளாக இருந்தால், டிக்கு மாற்றியதைப் பாதுகாப்புப் பிரதியாகக் கருதக் கூடாது. வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பட்டா, பத்திரம், குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியும், வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ (இணையம் வழியாக நிறுவனங்களின் கணினிகளில் சேமிப்பது) மற்றொரு பிரதியும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரையும் ஓடும் பறந்து வீட்டிலிருந்த எல்லாமே நனைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். கணினியும் பேக்கப் வட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான். மேகச் சேமிப்பில் கூகுள் கணக்குக்கு 15 ஜிபியும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கு 5 ஜிபியும் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆவணங்களுக்கு அதுவே தாராளம். ஒன்டிரைவில் உள்ள கோப்பைக் கணினியில் அழித்தால் மேகத்திலும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வலச்சொடுக்கி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கணினியில் இடம் விடுபட்டு, கோப்பு மேகத்தில் பத்திரமாக இருக்கும்.

அடுத்து விண்டோஸ் சேர்த்து வைத்திருப்பவை. ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறந்தால் பட்டியல் வரும். அதில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாக இருக்கும் என்பதால், அதன் பக்கத்தில் டிக் குறி இல்லை என்று உறுதி செய்துகொண்டு மற்றவற்றை நீக்கலாம். பெரிய பதிப்பேற்றம் நடந்திருந்தால் பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் பல ஜிபி அளவில் கிடக்கும். வழக்கமாகப் பத்து நாளில் அது தானே போய்விடும். புதிய பதிப்பு ஒழுங்காக இயங்குகிறது என்று தெரிந்தால் முன்பேயும் நீக்கலாம், ஆனால் அதன் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது.

திறந்திருக்கும் வேலையை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்கென, ரேம் அளவில் ஏறத்தாழ 40 சதவீத இடத்தை விண்டோஸ் சி டிரைவில் ஒதுக்கி வைக்கிறது. மேசைக் கணினியில் அது தேவையில்லை என்றால், கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு சாய்கோடும் ஹெச்சும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்றும் (powercfg /h off) தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால் அந்த இடம் விடுபடும். மின்சாரம் அடிக்கடி போகும் கிராமங்களில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டரி தீரும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது ஹைபர்னேட்தான்.

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும், விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை மிகப் பெரியதாகத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. அதிலுள்ள பல கோப்புகள் வேறிடத்தில் இருப்பவற்றுடன் வன்னிணைப்பு (ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்றிருப்பது) கொண்டவை என்பதால் எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவும் உண்மையானதன்று. ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தம் செய்வதாக விளம்பரம் செய்யும் நிரல்களையும் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸும் நிரல்களும் தம் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை இவை துடைப்பதால் இடம் மிச்சமாவதே இல்லை, நன்றாக ஓடும் நிரல் நின்றுபோகும் வாய்ப்புதான் அதிகம்.

அழித்தவை ரீசைக்கிள் பின்னில் இருக்கும் வரை இடம் விடுபடாது. ஆனாலும் அன்றைக்கே அதைக் காலி செய்யாமல், ஒரு வாரம் வழக்கம்போலக் கணினியைப் பயன்படுத்தி, எதுவும் தேவைப்படவில்லை என்று தெரிந்த பிறகு காலி செய்யுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் அழிந்ததை மீட்டுத் தர நிரல்கள் உண்டு. எஸ்எஸ்டியிலோ டிரிம் என்னும் கட்டளை அழிந்த இடங்களை வட்டுக்கு உடனே தெரிவித்துவிடுவதால், காலி செய்த பின் மீட்பது பெரும்பாலும் நடவாது.