தமிழ் ஆய்வேட்டை இணையவழி ஒப்படைத்தல்: பாமினியிலிருந்து பிடிஎப் வரை

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தமிழில் கலாநிதிப் பட்ட ஆய்வேடு எழுதுபவர், மின்வடிவ ஒப்படைப்பு என்றதும் பதிவேற்றும் படிவத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார். படிவம் ஒரு மணித்தியால வேலை. வாரக்கணக்கில் நாளைத் தின்பது எழுத்துரு.

நம் பக்கத்துத் தட்டச்சுக் கடைகளில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் வழக்கில் இருக்கிறது. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அச்சில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ‘கண்ணகி வழக்குரை’ என்று தேடுபவருக்கு அந்த ஆய்வேட்டின் உள்ளே இருக்கும் ஒரு வரியும் அகப்படாது. டேர்னிட்டின் போன்ற ஒப்புமைச் சோதனைக்கும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அறிக்கையில் வரும் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. ஆகவே முதல் அத்தியாயத்திலிருந்தே, தமிழைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் யுனிகோடில் அடிப்பியுங்கள். கடைக்காரரிடம் இதை முற்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே பாமினியில் முடித்துவிட்டீர்களா? பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் முழு அத்தியாயத்தையும் ஒரே தடவையில் ஒட்டாதீர்கள். அது ஆங்கில நூற்பெயர்களையும் பாமினி என்றே எண்ணித் தமிழ் எழுத்துகளாகச் சிதைக்கும். பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளிக்குரிய இடத்தில் என்பதால், ஆங்கிலச் சான்றுகளின் காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். அடிக்குறிப்பு எண்களும் சாய்வெழுத்தும் தொலையும். வேர்டின் மேம்பட்ட தேடலில் எழுத்துருவைப் பாமினி என்று கொடுத்து, அகப்படும் பகுதிகளை மட்டும் பந்தி பந்தியாக மாற்றுங்கள். அடிக்குறிப்புகளைத் தனியாகத் தேட வேண்டும். மாற்றிய பிறகு ரகரமும் கால்குறியும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு தடவை கண்ணால் வாசித்துத்தான் தீர வேண்டும். எழுத்துப்பிழை திருத்தியை நம்பி இதை விட முடியாது.

பிடிஎப் ஆக்கும்போது ‘பிரிண்ட் டு பிடிஎப்’ வேண்டாம். அதில் தலைப்பு அடையாளங்களும் உள்ளிணைப்புகளும் போய்விடும். ‘சேவ் அஸ்’ வழியாகப் போய், ‘ஒப்ஷன்ஸ்’ பெட்டியில் தலைப்புகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்குவதையும் பிடிஎப்/ஏ இணக்கத்தையும் தெரிவு செய்யுங்கள். 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்று தரப்படுத்தப்பட்ட இந்த வடிவம், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். வேறு கணினியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியாது. தலைப்புகளுக்கு வேர்டின் ‘ஹெடிங்’ பாணியைப் பயன்படுத்தியிருந்தால்தான் புக்மார்க் வரும். வெறுமனே தடித்த எழுத்தாக்கிய தலைப்பு அதற்குத் தெரியாது.

கையொப்பமிட்ட உறுதிமொழிப் பக்கத்துக்காக முழு ஆய்வேட்டையும் அச்செடுத்து ஸ்கேன் செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுத்து முழுவதும் படமாகிவிடும். கோப்பும் நூற்றுக்கணக்கான எம்பிக்குப் பெருக்கும். டேர்னிட்டின் 100 எம்பிக்கும் 800 பக்கங்களுக்கும் மேல் ஏற்காது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வேர்டுக்குள் படமாக வைத்து, பிறகு பிடிஎப் ஆக்குங்கள். கூத்துக் களரி, ஏட்டுச்சுவடி ஆகியவற்றின் படங்கள் உள்ள ஆய்வேடுகளில் வேர்டின் தானியங்கிப் படச் சுருக்கத்தை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். சுவடி எழுத்து மங்கிய பிறகு அதை மீட்க வழியில்லை.

அடுத்து, ஒரு பந்தியைப் பிடிஎப்பிலிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். யுனிகோடாக இருந்தாலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் பெயர்ந்து வரக்கூடும்; திரையில் வரையும் வரிசையில் பிடிஎப் அவற்றைச் சேமிப்பதே காரணம். எனவே தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், திறவுச்சொற்கள் மூன்றையும் படிவத்தில் இடும்போது பிடிஎப்பிலிருந்து எடுக்காதீர்கள், வேர்டிலிருந்து எடுங்கள். களஞ்சியத் தேடலில் முதலில் அகப்படுவது இந்த மூன்றும்தான்.

படிவத்தில் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரு பெட்டிகள் இருந்தால் நம்மவர்கள் தடுமாறுவது இயல்பு. தந்தை பெயரை எந்தப் பெட்டியில் இட்டாலும், பல்கலைக்கழகப் பதிவிலும் ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளிலும் உள்ள வடிவத்தோடு ஒத்திருக்கட்டும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஓர்கிட் அடையாள எண் இருந்தால் சேர்த்துவிடுங்கள். முதலெழுத்து வேறுபாட்டால் ஒருவரே இருவராகப் பதிவாவதை அது தடுக்கும்.

ஆய்வேட்டை எவரும் இணையத்தில் வாசிக்கத் திறந்துவிடுவதா (திறந்த அணுக்கம்), குறித்த காலம் மூடிவைப்பதா என்பதை மேற்பார்வையாளரோடு முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். போர்க்கால அனுபவங்களைச் சொன்னவர்கள், சடங்கு விவரம் தந்த பூசாரிமார், காணிப் பிணக்கைப் பேசிய விவசாயிகள் ஆகியோரின் பெயர் பின்னிணைப்பில் இருந்தால் அது உலகம் முழுக்கத் தெரியும். நூலக அலுமாரியில் இருக்கும் பிரதிக்குத் தந்த சம்மதத்தை இணையத்துக்கும் தந்த சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களிடம் மறுபடி கேளுங்கள், அல்லது குறியீட்டுப் பெயராக மாற்றுங்கள்.

ஓரம், வரி இடைவெளி, எத்தனை பிரதி என்பன பீடத்துக்குப் பீடம் மாறும். கைநூலைப் பார்த்துச் செய்தால் போதும். வாய்மொழிப் பரீட்சைக்குப் பிறகு திருத்திய பிரதியையே ஏற்றுகிறீர்களா என்று கோப்பின் திகதியைப் பாருங்கள். கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். ஏற்புக் கடிதம் வந்ததும் வேறொரு கணினியில் இணைப்பைத் திறந்து, நடு அத்தியாயத்துத் தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அகப்படாவிட்டால் நூலகத்துக்கு உடனே எழுதி, கோப்பை மாற்றித் தரக் கேளுங்கள்.