ஒரே நேரத்தில் இரண்டு டாரட் முறைகள்: இதுவரை கற்றது

சீட்டெடுத்துப் பலன் பார்க்கும் டாரட்டில், ரைடர்-வெயிட்-ஸ்மித் சீட்டுக்கட்டையும் மார்சேய் சீட்டுக்கட்டையும் சேர்த்தே கற்று வருகிறேன். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்பார்கள். மைனர் அர்கானா என்ற சிறு சீட்டுகள் வரைக்கும் வந்துவிட்ட இந்த நேரத்தில், சேர்த்துக் கற்பதுதான் எனக்குச் சரி என்று உறுதியாகத் தோன்றுகிறது.

இரண்டிலும் 78 சீட்டுகள்தான்: தனித்தனிப் பெயருள்ள 22 மேஜர்; வாள், நாணயம், கோப்பை, கோல் என்று நான்கு வகையாகப் பிரியும் 56 மைனர். மேஜர் சீட்டுகளில் பெரிய சிக்கல் இல்லை. மார்சேயில் நீதி 8, வலிமை 11. 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டில் இவை இடம் மாறியிருக்கின்றன. கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பு சீட்டுகளை ராசிகளோடு பொருத்தியபோது சிம்மத்துக்கு உரிய வலிமை முன்னாலும், துலாத்துக்கு உரிய நீதி பின்னாலும் வர வேண்டியதாயிற்று. ரைடர் கட்டை உருவாக்கிய வெயிட் அந்த வரிசையைப் பின்பற்றினார். காரணம் தெரிந்தபிறகு எண்கள் குழம்பவே இல்லை.

காதலர்கள் சீட்டில்தான் நிறைய நேரம் நின்றேன். ரைடரில் தேவதையின் கீழே ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மார்சேயில் இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் இளைஞன். மேலே வில்லேந்திய மன்மதன். அங்கே இணைவு, இங்கே யாரைத் தேர்வது என்ற கேள்வி. இந்த இரண்டுக்கும் ஒரே பலனை எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மைனர் சீட்டுகளில் வித்தியாசம் இன்னும் ஆழமானது. ரைடரின் ஆறு வாள்களில் அதன் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் ஒரு முழுக் கதையையே வரைந்துவிட்டார்: படகு, ஓட்டுபவர், தலை குனிந்த பெண், பக்கத்தில் குழந்தை. பார்த்ததுமே துயரத்தைக் கடந்து போகும் பயணம் என்று புரிந்துவிடுகிறது. மார்சேயின் ஆறு வாள்களில் ஆளே இல்லை. வளைந்த வாள்கள் சேர்ந்து ஒரு நீள்வட்டம், அதற்குள் ஒரு பூ, அவ்வளவுதான். முதலில் இதில் என்ன படிப்பது என்று திகைப்பாக இருந்தது. அப்புறம் ஐந்தையும் ஏழையும் இருபுறமும் வைத்துப் பார்த்தேன். ஒற்றைப்படை எண்களில் நடுவே ஒரு நேர்வாள் நுழைகிறது. இரண்டு முதல் எட்டு வரையான இரட்டைப்படைகளில் அந்த இடத்தில் பூ. ஐந்தில் ஊடுருவிய வாள் ஆறில் விலகிவிட்டது, மோதல் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது என்று படிக்க முடிந்தது. அது எனக்குப் பெரிய சந்தோஷம். படகும் அதைத்தானே சொல்கிறது! ஆனால் இங்கே யாரும் எங்கும் போகவில்லை. அந்தப் பயணத்தை நானாக மார்சேய்க்குள் கொண்டுவரக் கூடாது.

அதனால் பயிற்சியை இப்படி அமைத்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு மார்சேயில் மூன்று சீட்டுகள் எடுத்து வரிசையாக வைக்கிறேன். எண், வகை, உருவங்கள் பார்க்கும் திசை ஆகியவற்றை மட்டும் வைத்துப் பலன் எழுதுகிறேன். துறவி விளக்கைத் தூக்கி இடப்பக்கம் பார்க்கிறார் என்றால், அந்தப் பக்கம் விழுந்த சீட்டின் மேல்தான் வெளிச்சம். அதன்பிறகே அதே மூன்றை ரைடரிலிருந்து தேடி எடுத்து, வேறு நோட்டில் எழுதுகிறேன். மார்சேய்தான் முதலில். ரைடர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அது கண்ணை விட்டுப் போகாது. தலைகீழ்ச் சீட்டுகளை இரண்டிலும் இப்போதைக்குத் தொடவில்லை.

எதிர்பாராத பலன், ரைடரையே இப்போது கூர்மையாகப் பார்க்கிறேன். மார்சேயின் இரண்டு நாணயங்களைச் சுற்றி ஒரு நாடா வளைந்து ஓடும். ரைடரில் ஓர் இளைஞன் இரண்டு நாணயங்களைக் கையில் ஆட்டுகிறான். அவற்றைச் சுற்றி முடிவிலிக் குறி போல அதே நாடா. ரைடரை மட்டும் படித்திருந்தால் அவனையும் பின்னால் அலையில் ஆடும் கப்பல்களையும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

அரசவைச் சீட்டுகள் இன்னும் பிடிபடவில்லை. ராஜா, ராணி, குதிரைவீரன், பணியாள் என்று இரண்டிலும் அதே நால்வர்தான் என்பதால் பலன்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அடுத்து இந்தப் பதினாறையும் தனியாகப் பிரித்து, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் இருப்பதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதிலிருந்து தொடங்கப் போகிறேன்.