தோரின் சுத்தியலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வீடியோ கேம்களின் சிறப்புப் பதிப்புகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று விசாரிக்கும் தம்பிமாரிடம் நான் முதலில் கேட்பது, பெட்டிக்குள் இறுவட்டு இருக்கிறதா என்பதைத்தான். கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகளில் இணையம் கைபேசி டேட்டாவை நம்பியே ஓடுகிறது. இறுவட்டு இருந்தால் தரவிறக்கும் செலவு பெருமளவு குறையும். ஆடி முடித்தபின் நண்பனிடம் மாற்றிக்கொள்ளவோ விற்கவோ முடியும்.

2022இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' விளையாட்டின் சேகரிப்பாளர் பதிப்பு 200 டொலர். பிளேஸ்டேஷன் 5க்கான சாதாரணப் பதிப்பு 70 டொலர். கூடுதல் பணத்துக்கு, வட ஐரோப்பியப் புராணத்தின் இடிக் கடவுளான தோரின் சுத்தியலைப் போன்ற பதினாறு அங்குல மாதிரி, இரண்டு சிறு உருவங்கள், பகடைகள், அழகான எஃகு உறை ஆகியவை கிடைத்தன. ஆனால் அந்த உறைக்குள் இறுவட்டு இல்லை. விளையாட்டைத் தரவிறக்குவதற்கான குறியீடு அச்சிட்ட அட்டை மட்டுமே பெட்டியில் வந்தது. நிறுவனம் இதை மறைக்கவில்லை, பொருட்பட்டியலிலேயே சொல்லியிருந்தது. ஆயினும் அத்தகைய குறியீடுகள் தமக்குரிய பிராந்தியத்தில் பதிந்த கணக்கில்தான் செல்லுபடியாகும் என்பதால், வெளிநாட்டில் இருந்து ஒருவர் ஆசையாக வாங்கி அனுப்பினாலும் இங்கே அது பயன்படாமற் போகக்கூடும்.

டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 130 டொலர் வித்தியாசம் 39,000 ரூபாய் ஆகிறது. 2022இன் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனதில் தானாகவே ஓடும். சுமையையும் மறக்கக்கூடாது. கனடாவில் இருந்து வரும் பெரியம்மாவின் பயணப்பெட்டியில், சொக்லேட்டுக்கும் உடுப்புக்கும் நடுவே, 'ஸ்பைடர்மேன் 2' பதிப்போடு வரும் பத்தொன்பது அங்குலச் சிலைக்கு இடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

விளம்பரப் படத்தை நம்பிப் பணம் கட்டுவதிலும் கவனம் வேண்டும். 2018இல் 'ஃபால்அவுட் 76' விளையாட்டின் 200 டொலர் பதிப்புக்குக் கன்வஸ் பை என்று அறிவித்துவிட்டு நைலோன் பையை அனுப்பினார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தபோது, விளையாட்டுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய, ஏறத்தாழ 5 டொலர் பெறுமதியான நாணயத்தை முதலில் நீட்டினார்கள்; கன்வஸ் பை தருவதாக ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டோ 30 டொலர் கூடுதலாகக் கட்டியவர்களை ஐந்து நாள் முந்தி ஆடவிட்டது. ஐந்து நாள் பொறுத்தால் 9,000 ரூபாய் மிச்சம்.

எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2023இன் 'செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' சேகரிப்பாளர் பதிப்பில், இறுவட்டுக்குப் பதிலாகக் கருவியில் செருகும் விளையாட்டு அட்டையோடு ஓவிய நூலும் எஃகுச் சுவரொட்டியும் இருந்தன, 60 டொலர் வித்தியாசத்துக்கு அதை நியாயம் என்றே கருதுகிறேன். 2015இல் 'விட்சர் 3' தன் சாதாரணப் பதிப்பிலேயே வரைபடம், ஒட்டிகள், இசை இறுவட்டு எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தது. என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்த வரைபடம் மடிப்புகளில் வெளுத்துவிட்டாலும், ஊர்ப் பெயர்களை இன்னும் வாசிக்கலாம்.

பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும் என்பார்கள். அந்த விலையைக் கொடுப்பவர் வெளிநாட்டில் இருப்பார். பரந்தனிலோ வவுனியாவிலோ வாங்க வருபவர் இறுவட்டைத்தான் கேட்பார். ஓவிய நூலில் மட்டும் மனம் போனால், பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு அது தனி நூலாகவே கடைகளில் கிடைக்கிறது. சுத்தியலைவிடப் பாரமும் குறைவு.