சாஸுக்கு அடியில் ஒசாகா

ஜப்பானின் ஒசாகா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழுப்பு நிறச் சாஸ்தான். கிளம்பும் முன் பார்த்த வீடியோக்களில் யாராவது ஒருவர் எதன் தலையிலாவது அதை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து நன்காய் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் நம்பா பகுதி. அறையில் பெட்டியைப் போட்ட கையோடு டோட்டன்போரிக்கு நடந்தேன். 1615-ல் வெட்டி முடித்த வாய்க்கால் அது. இப்போது தண்ணீரைவிட அதில் விழும் விளக்கு வெளிச்சம்தான் கண்ணில் படுகிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடும் கிலிகோ மனிதன், அதாவது கிலிகோ மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரப் பலகை, முதலில் நின்றது 1935-ல், இப்போது ஓடுகிறவர் ஆறாமவர். எதிர்ப் பாலத்தில் ஒற்றைக் காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நானும் இருந்தேன், வெட்கமெல்லாம் இல்லை.

முதல் சாப்பாடு டகோயாகி. பணியாரக்கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போல ஒரு கல், குழி நிறைய நீர்த்த மாவு, குழிக்கொரு ஆக்டோபஸ் துண்டு, சிவப்பு இஞ்சி ஊறுகாய், வெங்காயத்தாள். கடைக்காரப் பையன் குச்சியால் அவற்றைத் திருப்பிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், கையில் வாங்கியதும் ஒன்றை முழுசாக வாயில் போட்டுவிட்டேன். உள்ளே கொதிக்கும் கூழ். அண்ணம் வெந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரியாக வேகவில்லை போல என்று நினைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கூழ்தான் பக்குவமே. சாஸும் மயோனைசும் தவிர வேறு ருசி எதுவும் அன்றைக்கு நாக்கில் ஏறவில்லை.

மறுநாள் ஷின்செகாய் பேட்டை. பெயருக்குப் ‘புது உலகம்’ என்று பொருள், ஆனால் 1912-ல் வந்த புது உலகம். நடுவில் நிற்கும் சுடென்காகு கோபுரம்கூட இரண்டாவதுதான். ஐஃபில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய பழையது 1943-ல் தீப்பிடித்து, போர்க்காலத்தில் இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது. இப்போதிருப்பது 1956-ல் எழுந்தது. இங்கே குஷிகாட்சு சாப்பிட வேண்டும்: இறைச்சி, தாமரைத் தண்டு, காடை முட்டை என்று எதையும் குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்து, எல்லாருக்கும் பொதுவான சாஸ் கிண்ணத்தில் ஒரே ஒரு முறை முக்கலாம். கடித்ததை மறுபடி முக்கக் கூடாது என்று சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். எச்சில் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! (கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் கிண்ணம் போய் பாட்டில் வந்துவிட்டது.) இன்னும் சாஸ் வேண்டுமென்றால் இலவச முட்டைக்கோஸ் இலையால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். நான் நான்கைந்து முறை மொண்டதைப் பார்த்த பக்கத்து இருக்கைப் பெரியவர், போனை எடுத்துத் தட்டி என் முன் நீட்டினார். மொழிபெயர்ப்பு இப்படி வந்தது: “சாஸ் போதும். நாளை உடோன் சாப்பிடுங்கள்.”

சரி என்று, உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸைத் தேடி மூன்றாம் நாள் சகாய்சுஜி ரயிலைப் பிடித்து டெஞ்சின்பாஷிசுஜி போனேன். கூரை போட்ட கடைத்தெரு, 2.6 கிலோமீட்டர், சுமார் 600 கடைகள். பாதி பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் காய் வாங்க வந்தவர்கள். ஒரு சின்னக் கடையில் கிட்சுனே உடோன் கேட்டேன். இனிப்பாக வேகவைத்த, பொரித்த டோஃபு மேலே மிதக்கிறது. அது நரிக்குப் பிடித்த பண்டம் என்ற நம்பிக்கையால் ‘நரி’ உடோன். ஒசாகா உடோன் மெத்தென்று இருக்கும், கடிக்க வேலையே இல்லை. ஆனால் அந்தச் சாறு! பாத்திரத்தின் அடி தெரிகிற அளவுக்கு வெளுப்பு, ரசத்தெளிவு போல. ஒரு வாய் குடித்ததும் இத்தனை நாள் என்ன தின்றேன் என்று தோன்றியது.

அதுதான் டாஷி. கோம்பு என்னும் கடற்பாசியும் காய்ந்த மீனின் சீவலும் போட்டு இறக்கும் சாறு. (சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், காய்கறிப் பண்டத்திலும் மீன் ஒளிந்திருக்கும்.) வேடிக்கை என்னவென்றால் கோம்பு ஒசாகாவில் விளைவதில்லை, வடகோடி ஹொக்கைடோவில் விளைகிறது. எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) கப்பல்கள் மேற்குக் கரையோரமாகச் சுற்றி அதை இங்கே கொண்டுவந்தன. பிரபுக்களின் நெல்லும் அரிசியும் இதே ஊர்க் கிடங்குகளுக்குத்தான் வந்தன, 1730-லேயே இங்குள்ள டோஜிமாவில் அரிசிக்கு முன்பேர வணிகம் (பின்னால் வரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவது) நடந்தது. நாட்டின் அடுக்களை என்று ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1908-ல் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் இந்தக் கோம்பின் ருசியைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். அதுதான் நம்மூர் ஃப்ரைடு ரைஸ் வண்டிகளில் தூவும் அஜினமோட்டோ. அசல் எவ்வளவு மென்மையானது என்று அந்த வண்டிக்காரர்களுக்கு யார் சொல்வது!

ஒசாகா கோட்டையை வெளியே நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

கடைசி நாள் ஐசுயா கடையின் டகோயாகியைத் தேடிப் போனேன். 1935-ல் ஆக்டோபஸ் வைத்துச் சுட ஆரம்பித்தவர்கள் இவர்கள்தானாம். உருண்டை சின்னது, சாஸ் கிடையாது, மயோனைஸ் கிடையாது. டாஷி மாவிலேயே இருக்கிறது. இந்தத் தடவை ஊதி ஊதி, ஒவ்வொன்றாகத்தான் வாயில் போட்டேன். அண்ணம் இன்னும் ஆறியிருக்கவில்லை.