ஒரே வீடு, ரெண்டு குணம்

ஒருத்தன் தறுதலையாகத் திரிந்தால் "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். அதே வீட்டில் வளர்ந்த தம்பி தங்கமானவனாக இருந்தால் அது மட்டும் பிறவிக் குணம். நல்லா இருக்கே நியாயம்!

சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1979 முதல் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். அதிலும் பிறகு வந்த ஆய்வுகளிலும் தெரிந்தது இதுதான்: ஆளுக்கு ஆள் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம். மிச்சம் சூழல்தானே என்று நிம்மதி அடைய வேண்டாம், ஒரே வீட்டில் வளர்ந்ததால் மட்டும் பிள்ளைகளுக்குக் குணத்தில் வரும் ஒற்றுமை ரொம்பக் கம்மி.

எனக்குத் தோன்றுவது, வீடு ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. கண்ணாடி டம்ளர் உடைகிறது, அப்பா ரெண்டு பேரையும் சேர்த்துக் கத்துகிறார். அக்கா "இவருக்கு வேற ஏதோ கடுப்பு" என்று நினைத்துவிட்டுப் போகிறாள். தம்பி "நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான்" என்று நினைக்கிறான், அதனால் அடுத்த தடவை தொடுவதில்லை, தொடாததால் கை பழகுவதில்லை, என்றைக்காவது தொட வேண்டி வந்தால் கை நடுங்கி மறுபடி உடைகிறது, மறுபடி திட்டு. இதில் சூழல் எது, எண்ணம் எது, கற்றல் எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதை இன்னும் ஆழமாகப் பார்த்தார். குழந்தை முதலில் மற்றவர்களோடு பேசுகிறது, அப்புறம் விளையாடும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்கிறது, கடைசியில் அந்தப் பேச்சே உள்ளே போய்ச் சிந்தனையாகிறது. நம் மண்டைக்குள் ஓடும் குரலில் பாதி, யாரோ நம்மிடம் பேசிய தொனிதான்.

இதை வைத்துக்கொண்டு "எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும்" என்று வகுப்பு எடுப்பவர்களிடம்தான் எனக்கு எரிச்சல். ருமேனியாவின் புக்காரெஸ்டில், அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் மனிதர்களோடு ஒட்டும் தன்மையும் நன்றாகவே முன்னேறின. அந்த வயதில் எந்தக் குழந்தையும் உட்கார்ந்து எண்ணத்தை மாற்றியிருக்காது, அழுதால் வந்து தூக்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.